ஒய்பிசிஓ பெல்லட்மேல் காந்தம் மிதக்கவில்லை, வெள்ளிக்கிழமை டெமோ, உதவுங்கள்

பெல்லட்_பாவி (ஊட்டி):
வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு (ஒய்பிசிஓ) என்ற மீகடத்திப் பீங்கானில் பெல்லட் (வில்லை) செய்திருக்கிறேன். போதுமான அளவு குளிர்ந்தால் மின்தடை இல்லாமல் போய், மேலே வைத்த காந்தத்தை மிதக்கவிட வேண்டும். முறைப்படி அரைத்து, சுட்டு, அழுத்தி, மறுபடி சுட்டாயிற்று. திரவ நைட்ரஜனில் குளிரவைத்து மேலே காந்தத்தை வைத்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மூன்று பெல்லட்டும் அப்படியே. என்ன தப்பு? சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலுமுனை:
எந்த முறைப்படி? எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம்? இடையில் எத்தனை தடவை அரைத்தீர்கள்? காற்றிலா, ஆக்சிஜனிலா? பெல்லட் என்ன நிறம்? எப்படி ஆறவிட்டீர்கள்?

பழைய பீங்கான்:
தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே போய்விட்டது. 1987-ல், கண்டுபிடித்த அதே வருடம், பள்ளிப் பிள்ளைகள் செய்து காட்டிய சாமான் இது. பச்சை தட்டியிருந்தால் 211 கட்டம் (அதே தனிமங்கள் வேறு விகிதத்தில் சேர்ந்த, மீகடத்தாத பச்சைச் சேர்மம்) கலந்திருக்கிறது, கலவையே தப்பு. எடை போடத் தெரியாதவர்கள் ஃபர்னஸ் பக்கம் போகக்கூடாது.

குன்னூர்_குளிர்:
ஊட்டி என்கிறாரே, கவனித்தீர்களா? 2,240 மீட்டர். காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு, ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. பெல்லட்டுக்கு மூச்சு முட்டுகிறது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிச் சுட்டுப் பாருங்கள்.

பழைய பீங்கான்:
சிரிப்பு வருகிறது. ஆறும்போது ஆக்சிஜன் ஏறி, மீகடத்தாத நாற்கோணப் படிகம் மீகடத்தும் செஞ்சாய்சதுரமாக மாறுவது சுத்த ஆக்சிஜனில் 700 டிகிரி வாக்கில், 20 சதவீத ஆக்சிஜனில் 670, வெறும் 2 சதவீதத்தில் 620. பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலே 50 டிகிரிதான் இறங்குகிறது. உங்கள் கால் பங்குக்கு ஐந்தாறு டிகிரி. இதற்கு எதற்கு மேட்டுப்பாளையம்?

ஈரம்_எதிரி:
இந்த மூடுபனியில் பெல்லட்டை மேசைமேல் திறந்து வைத்தீர்களா? ஈரம் பட்டால் பேரியம் ஹைட்ராக்சைடாகப் பிரியும், அப்புறம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட். நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் மேலே வெள்ளையாகப் பனி படியுமே, அது உருகும் தண்ணீரே போதும். ஹேர் டிரையரால் காயவைத்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடுங்கள்.

பெல்லட்_பாவி (ஊட்டி):
கறுப்புதான், பச்சை இல்லை. தூளை 920-ல் 12 மணி நேரம், நடுவில் அரைத்து இரண்டு தடவை. பெல்லட் 940-ல் 12 மணி. காற்றில்தான், சிலிண்டர் கிடையாது. நைட்ரஜன், மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர்கள் வைத்திருக்கும் கேனிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்.

நாலுமுனை:
இதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆறவிட்டது எப்படி? அதைச் சொல்லவில்லையே. ஆக்சிஜன் வெற்றிடங்கள் நிரம்பினவா என்பதே அதில்தான் இருக்கிறது.

சொல்லேர்:
குறுக்கிடுகிறேன். வெற்றிடம் என்றால் காற்றை உறிஞ்சி எடுத்த வெறுமை. அணுவுக்குரிய இடத்தில் அணு இல்லாவிட்டால் அது காலியிடம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

பழைய பீங்கான்:
காலியிடம் என்றால் வேலைவாய்ப்பு விளம்பரம். நாங்கள் நாற்பது வருடமாக வெற்றிடம் என்றுதான் சொல்கிறோம்.

சொல்லேர்:
நாற்பது வருடம் தப்பாகச் சொன்னால் சரியாகிவிடுமா?

கோத்தகிரி_பஸ்:
பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், சண்டை தீர்ந்துவிடும். முன் சீட் காலியானதும் பின்னால் இருப்பவர் அதற்கு மாறுகிறார், அவருடைய சீட் காலியாகிறது. ஆள் முன்னால் போகப் போக, காலி சீட் பின்னால் வருகிறது. ஆக்சிஜன் அயனி நகர்வதும் இப்படித்தான். காலி சீட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டபுள் டெக்கர் என்றால் இன்னும் பொருத்தம். தளத்துக்குள்ளே சுலபமாக நகரலாம், மேல்தளத்துக்குத் தாவுவதுதான் கஷ்டம்.

சொல்லேர்:
சீட் தமிழா?

பெல்லட்_பாவி (ஊட்டி):
ஆறவிடுவதா? காலை ஒன்பதுக்கு அடுத்த ஆளுக்கு ஃபர்னஸ் வேண்டும். 850 காட்டும்போதே இடுக்கியால் எடுத்துச் செங்கல்மேல் வைத்துவிடுவேன். செக்கச்செவேல் என்று இருக்கும், ஐந்து நிமிடத்தில் கறுத்துவிடும். அது முக்கியமா?

நாலுமுனை:
ஐயோ தம்பி, அதுதானே விஷயமே! 850-ல் படிகத்தின் செப்புச் சங்கிலிகளில் ஆக்சிஜன் இடங்கள் பெரும்பாலும் காலி. ஒரு இட்ரியம் அணுவுக்கு ஆக்சிஜன் எண்ணிக்கை 7-க்குப் பக்கத்தில் இருக்கவேண்டியது, 6-ஐ ஒட்டி நிற்கும். மெதுவாக ஆறினால் வெளிக்காற்றிலிருந்து உள்ளே ஏறி உட்காரும். நீங்கள் செங்கல்மேல் வைத்ததும் எல்லாம் இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. 300-க்குக் கீழே போனால் அயனி நகர்வதே அரிது.

பாதி நிரம்பினாலும் போதாது. 6.5 வாக்கில் ஒரு சங்கிலி நிறைந்தும் அடுத்தது காலியாகவும் மாறி மாறி அமையும், அப்போது மீகடத்தல் 60 கெல்வின் பக்கம்தான் தொடங்கும். திரவ நைட்ரஜன் 77. ஊட்டியில் அழுத்தம் குறைவு, 75-லேயே கொதிக்கும். அப்போதும் எட்டாது. 6.9-ஐத் தாண்டினால்தான் 90-ஐ ஒட்டி வரும்.

மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் பெல்லட்டில் வையுங்கள். கிலோ ஓம் காட்டினால் நான் சொன்னதுதான். புதிதாகச் செய்ய வேண்டாம், அதையே திரும்ப வையுங்கள்: 450-ல் 24 மணி நேரம், பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி, 200 வரை கதவைத் தொடாதீர்கள். ஆக்சிஜன் ஓட்டினால் நல்லது, இல்லாவிட்டால் காற்றே போதும். அடுத்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து இரண்டு நாள் கேளுங்கள்.

பழைய பீங்கான்:
ஆக்சிஜன் விஷயம் என்று முதலிலேயே தெரிந்ததுதான்.

ஈரம்_எதிரி:
நீங்கள் எடை போடத் தெரியவில்லை என்றல்லவா சொன்னீர்கள்?

குன்னூர்_குளிர்:
75-ல் கொதிக்கிறது என்றால் உயரத்தால் இரண்டு கெல்வின் லாபம். உயரம் முக்கியம் என்று நான் சொன்னது தப்பில்லை.

பெல்லட்_பாவி (ஊட்டி):
4 கிலோ ஓம் காட்டியது, இப்போது 2 ஓம். மிதந்தது. ஒரு தபால் கார்டு நுழையும் அளவுக்குத்தான், ஆனால் மிதந்தது. ஓடுகிறேன், நன்றி.

நாலுமுனை:
மகிழ்ச்சி. கடைசியில் எத்தனை மணி நேரம் வைத்தீர்கள், காற்றிலா ஆக்சிஜனிலா? அடுத்து வருபவருக்கு உதவும்.

நாலுமுனை:
தம்பி?