இரவில் பாதி சேனல்கள் மட்டும் உடைகின்றன, வெயில் ஏறினால் சரியாகிறது: டிஷ்ஷா, கேபிளா, பாக்ஸா?

கேள்வி

வணக்கம். பனி இறங்கும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி விக்குகிறது, கடைசியில் 'சிக்னல் இல்லை' என்று நின்றுவிடுகிறது. காலையில் வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும். எல்லாச் சேனலும் இல்லை, சுமார் பாதிதான்.

90 செ.மீ. டிஷ், யுனிவர்சல் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நிற்கும் சிக்னல் வாங்கி), ஆர்ஜி-6 கேபிள் ஏறத்தாழ 35 மீட்டர். வெளிச்சுவரில் ஒரு ஜாயின்ட் இருக்கிறது. நன்றாக இருக்கும்போது ஸ்ட்ரென்த் 82, குவாலிட்டி 70. கெடும்போது ஸ்ட்ரென்த் 80, குவாலிட்டி 0. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பதில் 1

டிஷ் காற்றில் லேசாகத் திரும்பியிருக்கலாம். எல்என்பி மூடியில் பனி படிந்தாலும் குவாலிட்டி இறங்கும். மூடியைத் துடைத்துவிட்டு டிஷ்ஷை மெல்ல அசைத்துப் பாருங்கள்.

பதில் 2

டிஷ்ஷைத் தொட வேண்டாம். அது திரும்பியிருந்தால் எல்லாச் சேனலின் குவாலிட்டியும் சேர்ந்தே இறங்கும். 70 என்பது 50, 40 என்று படிப்படியாகக் குறையும், ஒரேயடியாக 0 ஆகாது. இங்கே ஸ்ட்ரென்த் அப்படியே நிற்க, குவாலிட்டி மட்டும் விழுகிறது. கேபிளில் ஏதோ ஒரு சிக்னல் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் பாக்ஸ் கேட்டது அது இல்லை.

கெடும் சேனல்களின் ட்ரான்ஸ்பாண்டர் விவரத்தைப் பாருங்கள் (சில சேனல்களைச் சேர்த்து அனுப்பும் செயற்கைக்கோள் அலைவழி அது). அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் எச் அல்லது வி என்று இருக்கும், அலை கிடையாக அதிர்கிறதா செங்குத்தாகவா என்பதன் குறி. எவை கெடுகின்றன?

கேட்டவர்

பார்த்துவிட்டேன். கெடுபவை எல்லாமே எச். வி ஒன்றுகூடக் கெடவில்லை.

பதில் 2

அப்படியானால் சிக்கல் மின்னழுத்தத்தில். வி சேனலுக்கு பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பும், எச் சேனலுக்கு 18 வோல்ட். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எந்த ஆன்டெனாப் பக்கத்தைத் திறப்பது என்று எல்என்பி முடிவு செய்கிறது. எச் பக்கம் நிச்சயமாகத் திறக்க, எல்என்பிக்குப் போய்ச் சேருவது 16 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 14-க்கும் 16-க்கும் நடுவில் விழுந்தால் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவும். படம் உடைவது அந்தத் தாவலில்தான். முழுதாக வி பக்கம் போய்விட்டால் ஸ்ட்ரென்த் இருக்கும், குவாலிட்டி 0.

இனி அளக்கும் முறை. பலர் தவறுவது இங்கேதான். டிஷ் முனையில் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 18 வோல்ட் அழகாகக் காட்டும், "கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று இறங்கி வந்துவிடுவார்கள். மின்னோட்டமே ஓடாதபோது கெட்ட ஜாயின்ட்டிலும் இழப்பு தெரியாது. சுமை கொடுத்து அளக்க வேண்டும்.

120 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். 18 வோல்ட்டில் அது 150 மில்லிஆம்பியர் இழுக்கும், எல்என்பி இழுப்பதும் ஏறத்தாழ அந்த அளவுதான். பாக்ஸை அணைத்துவிட்டு எல்என்பியிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். ரெசிஸ்டரின் ஒரு காலை நடுக்கம்பியிலும் மறு காலை கனெக்டர் உடம்பிலும் பிடிக்க வையுங்கள். பாக்ஸைப் போட்டு எச் சேனல் ஒன்றில் நிறுத்தி, ரெசிஸ்டரின் இரு முனையிலும் அளங்கள். பிறகு வி சேனலில் ஒரு முறை. கோளாறு இருக்கும் நேரத்திலேயே அளக்க வேண்டும், மதிய வெயிலில் அளந்து பயனில்லை. ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், விரலில் பிடிக்காதீர்கள்.

பதில் 3

மாடிக்கு ஏறுவதற்கு முன் இதே சோதனையைப் பாக்ஸின் பின்பக்கம் ஒரு அடிக் கேபிளில் செய்துவிடுங்கள். அங்கேயே 16-க்குக் கீழே இறங்கினால் பாக்ஸின் பவர் சப்ளைதான் குற்றவாளி, பெரும்பாலும் தலை உப்பிய கெப்பாசிட்டர். மொட்டைமாடி ஈரமாக இருக்கும் நேரம், ஓரத்தில் நிற்காதீர்கள். இடி மின்னல் இருந்தால் ஏறவே வேண்டாம்.

கேட்டவர்

விடியற்காலையில் அளந்தேன்.
பாக்ஸ் பக்கம், சுமையோடு: 18.1
டிஷ் பக்கம், சுமையில்லாமல்: 18.3
டிஷ் பக்கம், சுமையோடு, எச்: 14.6
டிஷ் பக்கம், சுமையோடு, வி: 10.5

பதில் 2

பாக்ஸ் தப்பித்தது. கணக்குப் போடுவோம். 14.6 வோல்ட்டை 120-ஆல் வகுத்தால் சுமார் 0.122 ஆம்பியர். தொலைந்த 3.7 வோல்ட்டை அதால் வகுத்தால் 30 ஓம். தாமிரம் பூசிய எஃகுக் கம்பியாகவே இருந்தாலும் 35 மீட்டருக்கு 5 ஓம் அளவில்தான் வர வேண்டும். மீதி 25 ஓம் வெளிச்சுவர் ஜாயின்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. வி சேனல் பிழைத்ததற்குக் காரணம், எல்என்பியின் உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கு 10.5 வோல்ட்டே போதுமாக இருந்தது. அங்கே தவறிப்போய் வேறு பக்கம் திறக்கவும் வழியில்லை.

பனியில் ஏன் கெடுகிறது என்றால், நடுக்கம்பி எப்போதும் நேர்மின் முனை. ஈரம் புகுந்தால் அந்தக் கம்பியின் தாமிரம்தான் மின்பகுப்பில் கரையும். பூச்சு போனதும் உள்ளே எஃகு துருப்பிடிக்கும். இரவுக் குளிரில் கேபிள் சுருங்கி நடுக்கம்பியைப் பின்னுக்கு இழுப்பதால் இருக்கும் அரைகுறைத் தொடர்பும் தளர்கிறது.

ஜாயின்ட்டைத் துடைத்து மாட்டாதீர்கள், வெட்டி எறியுங்கள். உறைக்கு உள்ளே இருக்கும் உலோகப் பின்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே ஊர்ந்திருக்கும். இரு பக்கமும் பின்னல் கருப்பு இல்லாமல் பளபளவென்று வரும்வரை வெட்ட வேண்டும், 30 செ.மீ. போனாலும் போகட்டும். முடிந்தால் ஜாயின்ட்டே இல்லாமல், முழுத்தாமிர நடுக்கம்பி உள்ள ஒரே கேபிளாக இழுத்துவிடுவதே என் சிபாரிசு.

பதில் 3

ஜாயின்ட் வேண்டியே தீரும் என்றால், திருகும் வகை எஃப் கனெக்டர் வேண்டாம், அழுத்தும் கருவியால் பொருத்தும் வகை வாங்குங்கள். வெளி உறையை 6 மி.மீ., உள்ளே வெள்ளை நுரையை 6 மி.மீ. உரியுங்கள். வெள்ளைப் பகுதி கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி நட்டு விளிம்புக்கு வெளியே 2 முதல் 3 மி.மீ. பின்னலின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது.

மேலே சாதாரண இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் தண்ணீரை உள்ளே பூட்டி வைத்த மாதிரி ஆகும். தானே ஒட்டி ஒன்றாகிவிடும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். அதன் மேல் வெயில் தாங்கும் டேப். வினிகர் வாடை வரும் சிலிக்கானை அங்கே கொண்டுபோகவே கூடாது, அந்த அமிலம் தாமிரத்தை அரிக்கும். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்க விடுங்கள், தண்ணீர் அடியில் சொட்டிப் போகும்.

கேட்டவர்

ஜாயின்ட்டைத் திறந்தால் நடுக்கம்பி பச்சையும் துருவுமாக இருந்தது. இரு பக்கமும் வெட்டிப் புதிய கனெக்டர் போட்டேன். இப்போது சுமையோடு 17.6 வோல்ட். எச் சேனல்கள் இரவிலும் அசையவில்லை. மிக்க நன்றி.

மிச்சம் ஒன்று. 12,490 மெகாஹெர்ட்ஸ், வி. இந்த ஒரு ட்ரான்ஸ்பாண்டர் மட்டும் நேரம் காலம் இல்லாமல் உடைகிறது.

பதில் 4

டிவி பக்கத்தில் கார்ட்லெஸ் போன் இருக்கிறதா? யுனிவர்சல் எல்என்பி உயர் அலைவரிசையில் 10,600-ஐக் கழித்துத்தான் கேபிளில் அனுப்பும். 12,490-இல் கழித்தால் 1,890 மெகாஹெர்ட்ஸ். பல நாடுகளில் டெக்ட் வகை கார்ட்லெஸ் போன்கள் இயங்குவது 1,880 முதல் 1,900 வரை. போனின் அலை, பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் மட்டமான இணைப்புக் கேபிள் வழியாக நுழைகிறது. தாழ் அலைவரிசையில் 9,750-ஐக் கழிக்க வேண்டும், அங்கே 11,640-க்குப் பக்கத்திலும் இதே தொல்லை வரும்.

போன் பேஸின் மின்சாரத்தை ஐந்து நிமிடம் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் பேஸை மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள், சுவர் சாக்கெட்டிலிருந்து பாக்ஸுக்கு வரும் துண்டுக் கேபிளை மூன்றடுக்குக் கவசம் உள்ளதாக மாற்றுங்கள். சுவர் சாக்கெட் உள்ளே பிளாஸ்டிக்காக இருந்தால் அதையும் உலோகக் கவசம் உள்ளதாக மாற்றுவது நல்லது.

கேட்டவர்

பேஸ் சரியாக பாக்ஸின் மேலேயே இருந்தது. பிடுங்கியதும் நின்றுவிட்டது. அடுத்த அறைக்கு மாற்றிவிட்டேன், துண்டுக் கேபிளும் மாற்றியாயிற்று. 12,490-இல் இப்போது குவாலிட்டி 71.