ட்ரெய்லர் ஹப்பில் ஆயில் குறைந்தால்: எங்கள் அனுபவங்கள்

நாமக்கல்லில் லாரி ஓட்டிய காலத்தில் ஹப் (பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி) என்றால் எனக்குக் கிரீஸ்தான். உள்ளங்கையில் வைத்து, பேரிங் உருளைகளுக்கிடையே அழுத்தி ஏற்றுவோம். இப்போது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நான் இழுக்கும் ட்ரெய்லரில் ஹப்புக்குள் கியர் ஆயில் நிற்கிறது. சக்கரம் சுழலும்போது அது மேலே வாரப்பட்டு, உள் பேரிங்கையும் வெளி பேரிங்கையும் நனைக்கிறது. வெளி மூடியில் சிறு கண்ணாடி. அதிலுள்ள கோடு வரை ஆயில் தெரிய வேண்டும். தினமும் வண்டி எடுக்குமுன் பார்த்துவிடுவேன்.

சென்ற குளிர்காலத்தில் வலப்பக்கப் பின் சக்கரத்தில் ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஊற்றினேன். பத்தே நாளில் மறுபடியும் குறைந்தது. மூன்றாவது முறை ஊற்றும்போதுதான் உறைத்தது: மூடியைச் சுற்றி ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை! அப்படியானால் ஆயில் எங்கே போகிறது? வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்தேன். சக்கரத்தின் உட்புறம் நனைந்து, சாலைத் தூசியெல்லாம் சேறாக அப்பியிருந்தது.

பட்டறையில் பிரேக் ட்ரம்மைக் கழற்றியபோது பிரேக் லைனிங் ஆயிலில் ஊறிக் கிடந்தது. இந்தச் சக்கரத்தை நம்பித்தான் பனியில் 401 நெடுஞ்சாலையில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. ஊறிய லைனிங்கைக் கழுவிப் போடக் கூடாது. அந்த ஆக்சிலில் இரு பக்கமும் புதிதாக மாற்றினோம்.

அந்த மெக்கானிக்கை நான் மதிப்பது இதற்காக: ஹப்பின் உட்புறம் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வளையமான சீல் போய்விட்டது என்று மாற்றிவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஹப்பைக் கழற்றுமுன்பே நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து, ஹப் உள்ளும் வெளியுமாக ஆடும் ஆட்டத்தை அளந்திருந்தார். 0.001 முதல் 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டியது 0.020 காட்டியது. ஹப் அவ்வளவு ஆடினால் சீலின் உதடு ஓயாமல் நசுங்கும். எத்தனை புது சீல் போட்டாலும் தாங்காது. முன்பு வேலை செய்த வேறொரு பட்டறை, பேரிங்கைப் பிடித்திருக்கும் நட்டைக் கைக்கணக்கில் முடுக்கியிருக்கிறது. இவர் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 200 அடி-பவுண்டு வரை முடுக்கினார். ஒரு முழுச் சுற்று தளர்த்தினார். மீண்டும் 50 வரை முடுக்கி, மரைக்கு ஏற்றபடி சற்றே தளர்த்தி, திரும்பவும் அளந்தார். சக்கரம் கழன்று ஓடினால் 50,000 டாலர் வரை அபராதம் என்று 1997-லேயே சட்டம் வந்துவிட்ட மாகாணம் இது. இங்கே கைக்கணக்கு பார்ப்பவர்கள்மீது எனக்குக் கோபம் தணியவே இல்லை.

*

அண்ணா, என்னுடையது படகு ட்ரெய்லர். நூறு கிலோமீட்டர் ஓடிச் சூடான ஹப்பை நேரே சிம்கோ ஏரியில் இறக்குவேன். சூட்டில் விரிந்திருந்த காற்று குளிர்ந்த நீரில் சட்டென்று சுருங்கும். சீல் தளர்ந்திருந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். ஒருநாள் கண்ணாடியில் ஆயில் பால் ஊற்றிய தேநீர்போல் தெரிந்தது. கிரீஸ் ஹப்பாக இருந்தால் கழற்றும்வரை தெரிந்திருக்காது. ஆயிலை மட்டும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றினால் போதுமா?

*

போதாது தம்பி. பேரிங்கைக் கழற்றிக் கழுவி, வெளிச்சத்தில் உருளை உருளையாகத் திருப்பிப் பாருங்கள். துருப்புள்ளி ஒன்று தெரிந்தாலும் வெளி வளையத்தோடு சேர்த்தே மாற்றுங்கள். கழற்றிய சீலைத் திரும்பப் போட வேண்டாம். புதுப் பேரிங்கில் பழைய பழக்கத்தில் கிரீஸைத் திணித்துவிடாதீர்கள், ஆயில் ஓடும் வழி அடைபடும். அதே ஆயிலைத் தடவினால் போதும். குளிரில் ஆயில் தேன்போல் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். ஊற்றிக் கால் மணி நேரம் கழித்து, சமதரையில் நிறுத்தி, கோட்டை இன்னொரு முறை பாருங்கள்.