ஓட்டு இல்லாதவர்கள் வாங்கிய கையெழுத்து

பாப்பா: சித்தி, செமினாருக்கு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் சமூக சீர்திருத்த இயக்கங்கள்னு தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மதுவிலக்கு, சிறைச் சீர்திருத்தம், அடிமை ஒழிப்பு, பெண்ணுரிமை எல்லாம் வருகிறது. எதை எடுக்கட்டும்?

மாமா: லிங்கனை எடு. எல்லோருக்கும் தெரிந்த ஆள்.

சித்தி: வேண்டாம் அண்ணா, லிங்கன் வருவதற்கு வெகுநாள் முன்பே தெருத்தெருவாக நடந்தவர்களைப் பற்றிப் பேசட்டும். பாப்பா, மனு இயக்கத்தை எடு. 1830களில் ஓட்டே இல்லாத பெண்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, அடிமை முறையை ஒழிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பினார்கள். முக்கியமாக வாஷிங்டன் நகரில் ஒழிக்கச் சொல்லி, ஏனென்றால் அது காங்கிரசின் நேரடி அதிகாரத்தில் இருந்த இடம், மாநிலங்களைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது.

பாப்பா: ஓட்டு இல்லாதவர்கள் மனுவை யார் மதிப்பார்கள்?

சித்தி: மதிக்கவில்லை, பயந்தார்கள். 1836இல் காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபை ஒரு விதியே போட்டது, அடிமை முறை பற்றி எந்த மனு வந்தாலும் விவாதிக்காமல் ஒதுக்கிவிட வேண்டும் என்று.

அண்ணன்: அப்பட்டமான வாய்ப்பூட்டு.

சித்தி: ஆமாம். முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்போது அதே சபையில் உறுப்பினர், பெண்களுக்கும் மனு கொடுக்கும் உரிமை உண்டு என்று விடாமல் மல்லுக்கு நின்றார். 1844இல்தான் அந்த விதியை நீக்கினார்கள்.
அப்புறம் ஏஞ்சலினா கிரிம்கேயை விட்டுவிடாதே. தெற்கு கரோலினாவில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்துப் பெண். 1838 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழு முன்னால் நின்று, 20,000 பெண்கள் கையெழுத்திட்ட மனுக்களுக்காகப் பேசினார். மே மாதம் பிலடெல்பியாவில் புதிதாகத் திறந்த பென்சில்வேனியா மண்டபத்தில் பேசும்போது வெளியே கும்பல் கல்லெறிகிறது, ஜன்னல் கண்ணாடி நொறுங்குகிறது, அவர் நிறுத்தவே இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். மறுநாள் இரவு மண்டபத்துக்குத் தீ வைத்தார்கள்.

பெரியம்மா: ஐயோ. தீயணைப்புக்காரர்கள் வரவில்லையா?

சித்தி: வந்தார்கள் அக்கா. பக்கத்துக் கட்டடங்களுக்கு மட்டும் தண்ணீர் அடித்தார்கள். திறந்து மூன்றே நாளான மண்டபம், எரிய விட்டுவிட்டார்கள். படிக்கும்போது வயிறு எரியும்.

மாமா: சரி, இவ்வளவுக்கும் பலன் கிடைத்ததா?

சித்தி: உள்நாட்டுப் போரின்போது பெண்ணுரிமைக்குப் போராடிய எலிசபெத் ஸ்டான்டனும் சூசன் அந்தோணியும் மறுபடி மனுவைக் கையில் எடுத்தார்கள். 1864 பிப்ரவரியில் முதல் 1,00,000 கையெழுத்துகளைக் கறுப்பினத்தவர் இருவர் காங்கிரசின் மேலவையான செனட்டுக்குள் தூக்கி வந்து, அடிமை ஒழிப்பை ஆதரித்த உறுப்பினர் சார்லஸ் சம்னரின் மேசையில் வைத்தார்கள். மொத்தம் 4,00,000ஐ நெருங்கியது. 1865இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தது, அடிமை முறை ஒழிந்தது.

பாப்பா: பெண்களுக்கு ஓட்டு?

சித்தி: அதுதான் வலிக்கிற இடம். 1870இல் வந்த 15ஆவது திருத்தம் இனத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்றது, பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோபத்தில் ஸ்டான்டன் கறுப்பின ஆண்களை இழிவாகப் பேசினார், இயக்கமே இரண்டாக உடைந்தது. அவர் பெரிய ஆள் என்பதற்காக அதை மறைக்காதே. நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டு 1920இல்தான்.

பாப்பா: 15ஆவது திருத்தத்துக்குத் தனி ஸ்லைடு போட்டுவிடுகிறேன் சித்தி. ராத்திரி அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.