தொப்பி எம்பிராய்டரியில் தமிழ் எழுத்தை ஃபோம் வைத்து எழுப்பும்போது புள்ளி பிய்ந்து வருகிறது, முனை மூடவில்லை

கித்தாக்காடு:
வணக்கம். தோட்டத்துக் கால்பந்துக் குழுவுக்கு 40 தொப்பி அடிக்க வேண்டும். முன்பக்கம் விறைப்பான கறுப்புத் தொப்பி. ஊர்ப் பெயர் 'சுங்கை' மேலே, 'சிப்புட்' கீழே, இரண்டு வரியும் 3 மி.மீ. ஃபோமில் மஞ்சள் நூல். ஒற்றைத் தலை மெஷின். கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் ஃபான்ட்டை அப்படியே ஆட்டோவில் சாட்டினாக (கோட்டின் குறுக்கே நெருக்கமாக ஓடும் தையல்) மாற்றினேன். டென்சிட்டி (தையல்களுக்கு இடையிலான தூரம்) 0.40 மி.மீ., அண்டர்லே (அடித்தையல்) எட்ஜ் ரன்னும் ஜிக்ஜாக்கும், ஆட்டோ ஸ்பிளிட் (நீளத் தையலை நடுவில் பிரிப்பது) 7 மி.மீ.

சோதனைத் துணியில் வந்த கோளாறுகள்: ட், ப இரண்டிலும் கோட்டு முனையில் வெள்ளை ஃபோம் பல் இளிக்கிறது. ஃபோமைக் கிழிக்கும்போது புள்ளிகளும் சேர்ந்து வருகின்றன. கை-யின் சுழிகள் அடைத்துக்கொண்டன. க-வில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஊசி இரண்டு தடவை உடைந்தது. எதை மாற்ற வேண்டும்?

செம்பனை:
தம்பி, முதலில் அந்த அண்டர்லேயை எடுத்துவிடுங்கள். சாதாரணத் துணிக்கு அது அடித்தளம், ஃபோமுக்கு அதுதான் எமன். ஜிக்ஜாக் போனதுமே ஃபோம் அமுங்கிவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. ஃபோமைப் பிடித்து வைக்க ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் 4 மி.மீ. நீளத் தையலில் ஒரே ஒரு ஓட்டம் போதும்.

டென்சிட்டியை 0.18க்குக் கொண்டுவாருங்கள். ஊசித் துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி நெருக்கமாக விழுந்தால்தான் ஃபோம் சுத்தமாகக் கிழியும். 0.40இல் துளைக்கும் துளைக்கும் இடையே ஃபோம் பாலம் போட்டு நிற்கும், கிழிக்கும்போது நூலையும் இழுக்கும். தையல் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலே போகும், விலை சொல்லும்போது அதைக் கணக்கில் வையுங்கள்.

ஆட்டோ ஸ்பிளிட்டை அணைத்துவிடுங்கள். 7 மி.மீ. தாண்டினால் நடுவில் ஓர் ஊசி இறங்கும், அந்த இடம் பள்ளமாகிவிடும். ஷார்ட் ஸ்டிட்சும் (வளைவின் உள்ஓரத்தில் தையலைக் குட்டையாக்குவது) வேண்டாம். புல் காம்பென்சேஷன் (நூல் இழுத்துக் கோடு ஒல்லியாவதை ஈடுகட்டும் கூடுதல் அகலம்) 0.3 மி.மீ. கொடுங்கள். கோட்டின் அகலம் 4 முதல் 9 மி.மீ.க்குள் இருக்கட்டும். 3க்குக் கீழே போனால் ஃபோம் நசுங்கிக் கயிறு மாதிரி ஆகிவிடும், 10க்கு மேலே போனால் நூல் தளர்ந்து எதிலாவது மாட்டிக்கொள்ளும்.

ஊசி உடைந்தது ஒரே இடத்தில் இரண்டு கோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறியதால். 0.40இலேயே உடைந்தால் 0.18இல் அது பலகை மாதிரி. கீழே போகும் கோட்டை அந்த இடத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் 1 மி.மீ. மட்டும் மேல்கோட்டுக்கு அடியில் நுழைய விடுங்கள்.

நூல்கண்டு:
செம்பனை அண்ணன் சொன்ன எண்கள் சரி. ஆனால் எண்ணை மட்டும் மாற்றினால் இந்த ஃபைல் தேறாது. ஃபான்ட்டை விட்டுவிட்டு எழுத்தைக் கையால் புதிதாக வரையுங்கள்.

முனைக்கு மூடி போட வேண்டும். சாட்டின் தையல் கோட்டின் குறுக்கே போவதால் இரண்டு ஓரத்தில்தான் ஊசி இறங்குகிறது. முனையில் வெட்டவே இல்லை, அதனால் ஃபோம் தெரிகிறது. திறந்த முனை ஒவ்வொன்றிலும், கோடு போகும் திசையிலேயே 2.5 மி.மீ. நீளத் தையலால் சிறிய சாட்டின் பட்டை ஒன்று வையுங்கள், டென்சிட்டி 0.22. பட்டையின் வெளி ஓரம் முனையோடு நேராக இருக்கட்டும். உள் ஓரத்தை மேலும் கீழுமாகக் கலைத்துவிடுங்கள். அதுவும் நேராக இருந்தால் அங்கேயும் ஃபோம் வெட்டுப்பட்டு மேலே வரி தெரியும். மூடிதான் முதலில், முழுக்கோடு அதன் மேலே.

உங்கள் சொல்லில் ட-வின் திறந்த முனைகளுக்கு இரண்டு மூடி: நிற்கும் கோட்டின் தலையில் ஒன்று, படுத்த கோட்டின் வலது முனையில் ஒன்று. மூலையில் தையலை விசிறி மாதிரித் திருப்பாதீர்கள், உள்மூலையில் எல்லா ஊசியும் ஒரே துளையில் விழும். படுத்த கோட்டை முதலில் அடித்து, நிற்கும் கோட்டை அதன் மேலே அடிமட்டம் வரை இறக்குங்கள். நிற்கும் கோட்டின் காலிலும் ஒரு மூடி வேண்டும், அதை மறந்தால் கீழ்மூலையில் ஃபோம் எட்டிப் பார்க்கும். பு-வும் அப்படித்தான். வலது கால் மேலிருந்து அடிவரை ஒரே கோடு, அடிக்கோடு அதன் அடியில் 1 மி.மீ. நுழையும்.

புள்ளி வட்டமாக இருப்பதால் ஒரே திசையில் அடித்தால் மேலும் கீழும் தையல் குட்டையாகி அங்கே வெட்டாது. அதனால்தான் பிய்கிறது. 5 மி.மீ. விட்டம் வைத்து, முதலில் படுக்கையாக 0.40, பிறகு செங்குத்தாக 0.18. சுற்றிலும் வெட்டு விழும். எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையில் 2 மி.மீ. விடுங்கள்.

சுழிக்கு எளிய கணக்கு: கோடு 4, உள்ளே ஓட்டை 2, மறுபடி கோடு 4. ஆக 10 மி.மீ.க்குக் குறைந்த சுழி ஃபோமில் நிற்காது. கை-யின் கொம்பில் சுழி இரண்டு, அதற்கு மட்டுமே 20 மி.மீ. போய்விடும்.

என் கருத்து, இரண்டு வரியையும் எழுப்பாதீர்கள். விறைப்பான தொப்பியில் உயரம் 55 மி.மீ.தான் கிடைக்கும். சு-வின் வால் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே சி-யின் கொக்கி ஏறுகிறது, இரண்டும் இடித்துக்கொள்ளும். 'சுங்கை'யை 12 மி.மீ. உயரத்தில் சாதாரணத் தையலாக மேலே வையுங்கள். 'சிப்புட்' மட்டும் ஃபோமில் பெரிதாக நிற்கட்டும். சாதாரணத் தையல் எல்லாம் முடிந்த பிறகே ஃபோம். ஃபோம் மேலே வேறு எதையும் அடிக்காதீர்கள்.

தறி_அக்கா:
மெஷின் பக்கம் கொஞ்சம். ஊசி 75/11 அளவு, கூர்முனை. பால்பாயிண்ட் (உருண்டை முனை) போட்டால் ஃபோமை வெட்டாது, தள்ளும். வேகம் நிமிடத்துக்கு 600 தையலுக்கு மேலே வேண்டாம். பிரஷர் ஃபுட்டை (துணியை அழுத்தும் பாதம்) ஃபோமின் உயரத்துக்குத் தூக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் மிதிக்கும். மேல்நூலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பின்பக்கம் பார்த்தால் தெரியும்: சாதாரணமாக பாபின் நூல் (அடிநூல்) மூன்றில் ஒரு பங்கு தெரியும், ஃபோமில் அதைவிடக் குறைவாகத் தெரிய வேண்டும்.

மஞ்சள் நூலுக்கு மஞ்சள் ஃபோம் வாங்குங்கள். வெள்ளை எப்படியும் காட்டிக் கொடுக்கும். பள்ளிக் கைவேலைக்கு விற்கிற மெத்து ஃபோம் வேண்டாம், அது இழுபடும். விரலால் கிள்ளினால் பட்டென்று உடைகிற அடர்த்தியான ரகமாக இருக்க வேண்டும்.

கித்தாக்காடு:
நன்றி அக்கா, அண்ணன்மாரே. ஃபோம் வைக்க மெஷினை எப்படி நிறுத்துவது? டிஎஸ்டியில் (மெஷின் படிக்கும் தையல் ஃபைல்) ஸ்டாப் சேர்க்க வழி தெரியவில்லை. ஓரத்துத் துணுக்குகளுக்கு ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) பிடிக்கலாமா?

தறி_அக்கா:
'சுங்கை' முடிந்ததும் ஒரு நிற மாற்றம் போடுங்கள், அதே மஞ்சளாக இருந்தாலும். டிஎஸ்டியில் நிறம் பதியாது, மாறும் இடம் மட்டும்தான் பதியும். மெஷினில் அந்த இடத்துக்கு நிறுத்தம் கொடுத்து, ஊசி எண்ணை மறுபடி அதே எண்ணாக வையுங்கள். ஃபோமை இரண்டு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள், டேப் ஊசி வரும் பாதைக்கு வெளியே இருக்கட்டும்.

ஹீட் கன் பிடிக்கலாம். முதலில் பெரிய துண்டை எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இழுங்கள், மேலே தூக்காதீர்கள். மீதியை ட்வீசரால் (சிறு இடுக்கி) உள்ளே தள்ளுங்கள். கடைசியில் ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் இரண்டு மூன்று வினாடி ஓட்டுங்கள். ஃபோம் 100 டிகிரிக்குள்ளேயே சுருங்கிவிடும். பாலியெஸ்டர் நூல் உருக 250க்கு மேலே வேண்டும், ஆனால் ஹீட் கன் அதையும் எளிதாகத் தாண்டும்.

நூல்கண்டு:
இன்னொன்று. வாடிக்கையாளர் ஜாக்கெட்டுக்கும் இதே எழுத்தைக் கேட்டால் டிஎஸ்டியைப் பெரிதாக்கி அடிக்காதீர்கள். தையல் எண்ணிக்கை மாறாமல் இடைவெளி மட்டும் விரியும், 0.18 போய் 0.25 ஆகும், மறுபடி பல் இளிக்கும். மூல ஃபைலில் அளவை மாற்றி, மூடிகளைத் திரும்பப் பார்த்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.