புதுப்பிப்பு: பழைய டிரக்குக்கு 16 அங்குல ஸ்டீயரிங் போட்டாச்சு

பவர் ஸ்டீயரிங் இல்லாத என் பழைய டிரக்கில் 17 அங்குல ஸ்டீயரிங் வீல் தொடையில் இடிக்கிறது, 14 போடலாமா 15 போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் 16 போட்டுவிட்டேன்.

வீல் சிறுத்தால் அதே திருப்பத்துக்குக் கை கூடுதலாக இழுக்க வேண்டும். 17-லிருந்து 14-க்கு இறங்கினால் ஏறக்குறைய 21 சதவீதம் அதிகப் பலம். 16 என்றால் 6 சதவீதம்தான். ஓட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது தோள்பட்டை சொல்லிவிடும். தொடைக்கும் இப்போது இடம் இருக்கிறது.

ஆனால் பெரிய பலன் வீலால் வரவில்லை. கிங்பின்னில், அதாவது முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சுக் கம்பியில், பழைய கிரீஸ் இறுகிக் கிடந்தது. அது கறுப்பாகப் பிதுங்கி வெளியே வந்து, புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை கிரீஸ் கன்னால் அடித்தேன். முன் டயர்களில் குறைந்திருந்த காற்றையும் சரியான அளவுக்கு ஏற்றினேன். பழைய வீலிலேயே திருப்புவது எவ்வளவோ லேசாகிவிட்டது! முதலில் இதைச் செய்யுங்கள், அப்புறம் வீல் அளவை யோசியுங்கள்.

வாங்கும் முன் ஸ்டீயரிங் தண்டின் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். புது வீலுக்குப் பொருந்தாவிட்டால், தண்டையும் வீலையும் இணைக்கும் தனி ஹப் அடாப்டர் தேவைப்படும். மீட்டரை விளிம்பு மறைக்கிறதா என்றும் உட்கார்ந்து பாருங்கள்.