கடற்கரை அந்தி: மூன்று படங்களை ஒட்டினால் அது ஏமாற்றா?

ஈரமணல்:
நேற்று கடற்கரையில் சூரியன் இறங்கும் நேரத்தில் எழுபது படம் எடுத்தேன். ஒன்றும் தேறவில்லை. வானத்துக்கு வெளிச்சத்தை அளந்தால் மணல் கரி. மணலுக்கு அளந்தால் சூரியனைச் சுற்றி வெள்ளை ஓட்டை. மூன்று எக்ஸ்போஷரில் (ஒளி அளவில்) எடுத்து ஒட்டிவிடு என்கிறார் நண்பர். அது ஏமாற்று வேலை இல்லையா?

முக்காலி:
இதில் என்ன ஏமாற்று? நம் கண் வானத்தையும் மணலையும் மாறி மாறிப் பார்த்து, பாவையைச் சுருக்கி விரித்துச் சமாளித்துக்கொள்கிறது. கேமராவுக்கு அது முடியாது. டிரைபாடில் வைத்து, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) மூன்று ரா கோப்பு (கேமரா திருத்தாமல் சேமிக்கும் படம்). அவ்வளவுதான்.

உப்புக்காற்று:
"அவ்வளவுதான்" என்றவர் அலையை மறந்துவிட்டார். மூன்று படத்திலும் அலை மூன்று இடத்தில் இருக்கும். ஒட்டினால் நுரைக்கு இரட்டை விளிம்பு வரும். மலைக்கு ஒட்டுங்கள், கடலுக்கு வேண்டாம். மேல்பாதி மட்டும் இருண்ட கிரேடுவேட்டட் ஃபில்டர் இருக்கிறதே, மூன்று ஸ்டாப், தொடுவானம் நேர்கோடாக இருக்கும் கடலுக்கென்றே செய்தது போல. ஒரே கிளிக்.

முக்காலி:
அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு பாறையோ ஆளோ நீட்டிக்கொண்டு நின்றால்? தலை மட்டும் கறுத்துப்போகும். அலைக்கும் வழி இருக்கிறது: தண்ணீர் முழுவதையும் ஒரே படத்திலிருந்து எடுங்கள், வானத்தை மட்டும் இருண்ட படத்திலிருந்து. மென்பொருளையே கலக்கவிட்டால்தான் பேய் நுரை வரும். அப்புறம், லென்ஸுக்கு முன்னால் கூடுதலாக ஒரு கண்ணாடி என்றால் உப்புத்துளி ஒட்ட இன்னும் ஓர் இடம். சூரியனுக்கு நேராகப் பிடித்தால் ஒவ்வொரு துளியும் ஒரு பல்பு.

உப்புக்காற்று:
துளி விழும், ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை காய்ந்த உப்பைச் சட்டை நுனியால் துடைத்து, ஃபில்டரில் வட்டவட்டமாகக் கீறல் வாங்கியவன் நான். ஈரத்துணியால் உப்பைக் கரைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

ஆனால் கேட்ட கேள்விக்கு வருவோம். வெளிச்சம் எதிரிலிருந்து வரும்போது மணல் இருட்டாகத்தான் இருக்கும். அதையும் வானத்துக்குச் சமமாகத் தூக்கிவிட்டால் அந்தி எங்கே போயிற்று? நடுக்கூடத்தில் டியூப்லைட் போட்ட மாதிரி இருக்கிறது.

நிழல்:
இரண்டு பேரும் தப்பான நேரத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். சூரிய வட்டின் அகலம் வானத்தில் அரை டிகிரிதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய கரைகளில் தொடுவானத்தைத் தொட்ட இரண்டு நிமிடத்தில் முழுதாக மறைந்துவிடும். கூட்டமும் அதோடு பையைக் கட்டிவிடும். எனக்கு வேலையே அப்புறம்தான் ஆரம்பம். மேகம் இருந்தால் அதன் அடிப்பக்கம் சிவக்கும். சூரியன் சட்டத்துக்குள் இல்லாததால் வானத்துக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரே ரா கோப்பில் அடங்கிவிடும். ஒட்டலும் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துவாரம் எஃப் 11, ஷட்டர் அரை நொடி. அலை வரும்போது அழுத்தாதீர்கள், திரும்பி வடியும்போது அழுத்துங்கள். நுரை வெள்ளை நூல்களாக இழுபடும், அடியில் ஈரமணலில் வானம் கிடக்கும்.

வொயிட் பேலன்ஸை (நிறச் சமன்) ஆட்டோவில் விடாதீர்கள். அது அந்திச் சிவப்பைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். டேலைட்டில் வையுங்கள்.

முக்காலி:
மேகமே இல்லாத நாளில்? சூரியன் இல்லாமல் என்ன சூரியாஸ்தமனம்? 24 மி.மீ. லென்ஸில் சூரியன் ஒரு கடுகு. 400 மி.மீ. போட்டால் சென்சாரில் கிட்டத்தட்ட 4 மி.மீ. வரும், அதற்குள் ஒரு படகு நுழைந்தால் போதும். (ஆப்டிகல் வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், திரையில் பாருங்கள். கண் போய்விடும்.)

உப்புக்காற்று:
அந்தப் படத்தில் படகு கரியாகத்தானே நிற்கும்? அதையும் ஒட்டி வெளிச்சமாக்குவீர்களா?

முக்காலி:
சரி, அதை ஒட்ட மாட்டேன்.

ஈரமணல்:
எழுபதையும் மறுபடி பார்த்தேன். கடைசிப் படம், பையைக் கட்டுவதற்கு முன் சும்மா அழுத்தியது, சூரியன் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நிழல் சொன்னது போல மணலில் வானம் இருக்கிறது. ஆனால் தொடுவானம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

நிழல்:
டிரைபாட் காலடியில் அலை மணலை அரித்திருக்கும். முதலிலேயே மூன்று காலையும் நன்றாக அமுக்கி ஊன்ற வேண்டும்.

முக்காலி:
கணினியில் நிமிர்த்திவிடுங்கள். உப்புக்காற்று, இது ஏமாற்றில் சேருமா?