வீடு விற்க எந்தப் புரோக்கரிடம் கொடுப்பது? சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அழகாபுரத்து மகன்

அப்பா கட்டிய வீடு. அவர் போன பிறகு அம்மாவைத் தனியாக விட மனமில்லை, விற்க முடிவு செய்தோம். பேசிப் பார்த்தவர்களில் அதிக விலை சொன்ன புரோக்கரிடம் கொடுத்தோம். முதலில் ‘பார்ட்டி ரெடி’, அப்புறம் ‘மார்க்கெட் டல்’ என்று போனதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதைதான், அதை விடுங்கள்.

எனக்கு ஆறாதது ஒன்றே ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கணவன் மனைவியைக் கூட்டி வந்தார். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அந்தப் பெண் சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காபி கலக்கப் போனார், நான் மாடிப்படியில் நின்றேன். ஹாலில் புரோக்கர் குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொல்கிறார்: “அம்மாவுக்கு அவசரமுங்க. பையன் பெங்களூர்ல இருக்காப்ல, இங்க பார்த்துக்க ஆள் இல்ல. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா இன்னும் அஞ்சு லட்சம் இறங்கும்.” அம்மா தட்டோடு கதவருகில் நின்று அத்தனையும் கேட்டுவிட்டார். காபியைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார்.

கமிஷன் எங்களிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. அப்படியென்றால் அந்த ஹாலில் அவர் யாருடைய ஆள்? எங்கள் விலையை இறக்க நாங்களே எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? விற்பவர் பக்கம் நின்று பேசிய புரோக்கர் யாருக்காவது கிடைத்தாரா? அவரை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று எழுதுங்கள்.

ஜங்ஷன் பக்கத்து வீடு

எனக்குக் கிடைத்தார். சூரமங்கலத்தில் வீடு. மற்றவர்கள் எல்லோரும் வந்ததும் “எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?” என்று ஆரம்பித்தார்கள். இவர் “விலை அப்புறம் பேசலாங்க, பத்திரத்தை எடுங்க” என்றார். திண்ணையில் உட்கார்ந்து மூலப்பத்திரத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொன்னார். அதில் பழைய வீட்டுக் கடன் அடமானம் அப்படியே நின்றது. கடன் கட்டி முடித்து வருடங்கள் ஆகின்றன, பத்திரமும் கைக்கு வந்துவிட்டது, ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதியவில்லை. “இதோட போனா பார்ட்டியோட வக்கீல் மொத நாளே தள்ளிடுவாரு. இதை முடிச்சுட்டு வாங்க, அதுக்கப்புறம் ஆள் கூட்டி வர்றேன்” என்று எழுந்து போய்விட்டார். ரசீது பதிந்து முடிக்கும்வரை ஒரு பார்ட்டியையும் காட்டவில்லை. காட்டிய பிறகு வந்தவர்களில் யாரும் ஆவணத்தில் குறை சொல்லி விலை கேட்கவில்லை. முதல் கேள்வி எதைப் பற்றி வருகிறது என்று பாருங்கள், நான் ஆளை எடை போட்டது அதை வைத்துத்தான்.

தரகுத் தொழில், அஸ்தம்பட்டி

அழகாபுரம் தம்பி, அந்த ஆள் பேசியது தப்பு. வீட்டுக்காரர் அவசரத்தை வாங்குகிறவரிடம் சொல்வது தொழில் தர்மம் கிடையாது. ஆனால் ‘யாருடைய ஆள்’ என்று கேட்டீர்களே, அதை விற்பவர்களும் யோசிக்க வேண்டும். ஒரே வீட்டை ஐந்து பேரிடம் கொடுக்கிறார்கள். ஒவ்வொருத்தனும் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு விலை போடுகிறான். பார்ட்டிக்கு அதே வீடு நாலு விலையில் வந்தால் ‘ஏதோ வில்லங்கம்’ என்றுதான் நினைப்பார். அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்தப் புரோக்கரும் முழு மனதோடு உழைக்க மாட்டான்.

கன்னங்குறிச்சியில் ஒரு வீட்டுக்கு நான் ஒரு பார்ட்டியைக் கூட்டிப் போனேன். வங்கி லோனுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதுவரை எடுத்துச் சொன்னேன். திடீரென்று ‘வேண்டாம், விட்டுவிட்டோம்’ என்றார்கள். அப்புறம் வேறு வேலையாக ரிஜிஸ்டர் ஆபீஸ் போனால், அதே வீட்டுக்காரரும் அதே பார்ட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கைரேகை வைக்கக் காத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் கேட்டிருந்தது ஒரே ஒரு சதவீதம்.

ஒருவரிடம் மட்டும் கொடுங்கள், மூன்று மாதம் கெடு வையுங்கள், எழுதிக் கொள்ளுங்கள். அப்போது அவன் உங்கள் ஆளாக இருப்பான்.

அழகாபுரத்து மகன்

அண்ணா, நாங்கள் அவர் ஒருவரிடம்தான் கொடுத்தோம். வேறு யாரையும் வீட்டு வாசல் மிதிக்க விடவில்லை. அப்படி இருந்தும் இப்படி.

மலைமேல் இருந்து

கீழே நீங்கள் பேசுவது ஒரு மாதிரி, மேலே ஏற்காட்டில் கதையே வேறு. எங்கள் பழைய வீடு லேடீஸ் சீட் போகும் வழியில். விற்கக் கொடுத்த நாளிலிருந்து சனி, ஞாயிறு ஆனால் போதும், பெங்களூர்க் கார்கள் வந்து நிற்கும். புரோக்கரே கூட்டி வருவார். ஒருநாள் வந்த கூட்டம் வராந்தாவில் உட்கார்ந்து போட்டோ எடுத்தது. மாமியாருடைய ஆரஞ்சு மரத்தில் ஒருவர் கை வைத்தார். “சார், பட்ஜெட் எவ்வளவு?” என்று கேட்டேன். “நாங்க சும்மா பார்க்க வந்தோம், ரிசார்ட் செக்-இன் ரெண்டு மணிக்குத்தான்” என்கிறார்! சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் வீட்டையும் ஒரு இடமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார் அந்தப் புரோக்கர். கோபத்தில் எனக்குக் கை நடுங்கியது.

இன்னொன்று, மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட இடத்தில் வாங்குகிறவர் நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது, அனுமதி வேண்டும். அது தெரியாத சேலம் புரோக்கர் ‘ஆறு ரூம் காட்டேஜ் கட்டலாம்’ என்று வாய்விட்டு, அட்வான்ஸ்வரை வந்த ஒரு பார்ட்டி திரும்பிப் போனது. மலையில் விற்க மலை தெரிந்த ஆள் வேண்டும். கடைசியில் ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில் காபிக்கொட்டை வியாபாரம் பார்த்துக்கொண்டே தரகும் பார்க்கும் ஒருவர்தான் முடித்துக் கொடுத்தார். அவர் யாரையும் முதல் தடவையே வீட்டுக்குக் கூட்டி வரமாட்டார். கடையில் உட்கார வைத்துப் பேசி, பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எங்களுக்குப் போன் வரும்.

ஓய்வுபெற்றவன், ஃபேர்லேண்ட்ஸ்

என் அனுபவம் சின்னது: புரோக்கர் ‘அலையாம இருக்க ஒரு பவர் குடுத்துடுங்க’ என்றார் (என் சார்பில் அவரே விற்க அதிகாரம் தரும் பத்திரம்), நான் கொடுக்கவில்லை, ஆள் மாயமாகிவிட்டார்.

ஆனால் இங்கே எழுதும் தம்பிகளுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். பவரை யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள். பவர் பத்திரத்தை வைத்து நடக்கும் கைமாற்றம் உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது, ஆனால் உங்கள் பவரை வைத்து அவர் முறையாகவே கிரயம் செய்து கொடுத்துவிட்டால் உங்களைக் கட்டும். அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே வாங்காதீர்கள். சொத்து விற்பனையில் அது வருமான வரிச் சட்டப்படி கூடாது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் வாங்கிய உங்களுக்கு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து வரியாகக் கட்டுவார், அதைப் புரோக்கர் முதலிலேயே உங்களிடம் சொல்கிறாரா பாருங்கள். வாங்குகிறவருக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் செலவு இருக்கிறது, அதைக் கணக்கில் வைத்துத்தான் அவர் விலை கேட்பார். அசல் பத்திரம் வீட்டை விட்டு நகரக் கூடாது. ஜெராக்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ‘பார்வைக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முக்கியமாக, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாத புரோக்கரிடம் பேசவே பேசாதீர்கள்.

சேலம் குகைப் பகுதி, பழைய வீட்டுக்காரி

ஐயா, மற்றதெல்லாம் சரி, கடைசியில் சொன்னது எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. 2016 சட்டப்படி ரெராவில் பதிந்த மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை விற்றுக் கொடுப்பவர்தான் ஏஜென்டாகப் பதிய வேண்டும். அப்பா காலத்துத் தனி வீட்டை விற்றுக் கொடுப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் சொல்கிறபடி தேடினால் குகையில் நல்ல ஆள் பாதிப் பேர் விட்டுப் போவார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் புரோக்கர் சதவீதமே கேட்கவில்லை. “உங்க கைக்கு 54 வந்தா போதும்ல, மேல வர்றது என் சாமர்த்தியம்” என்றார். என் வீட்டுக்காரரும் பெருந்தன்மையான ஆள் என்று சொல்லிச் சம்மதித்துவிட்டார். கிரயத்துக்கு முதல் நாள் பத்திரம் எழுதும் கடையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வாங்குகிறவருடைய அப்பா, வயசானவர், மகனிடம் சத்தமாகவே கேட்டார்: “இவங்களுக்கு 54. அந்த எட்டை நேத்தே புரோக்கர்கிட்ட குடுத்தாச்சில்ல?” பத்திரம் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். எட்டு லட்சம்! அவர்கள் 62 கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று பேசியிருந்தால் லட்சத்துச் சொச்சத்தில் முடிந்திருக்கும்.

அழகாபுரம் தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது: சதவீதம் பேசுகிறவருக்கு உங்கள் விலை ஏறினால் அவர் பங்கும் ஏறும். ‘மேல வர்றது எனக்கு’ என்பவருக்கு உங்கள் விலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம். வாங்குகிறவரிடம் எவ்வளவு வாங்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே முகத்துக்கு நேராகக் கேளுங்கள். இப்போது நெத்திமேட்டில் தங்கை வீட்டை விற்க அதைத்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேராகப் பதில் சொன்னவர் இதுவரை ஒருவர்தான், அவர் இரண்டு பக்கமும் ஒரு சதவீதம் என்றார். அடுத்த வாரம் பத்திரம் பார்க்க வருகிறார். ஜங்ஷன் பக்கத்து அண்ணா, உங்கள் ஆள் நெத்திமேடு பக்கமெல்லாம் வருவாரா? வருவாரென்றால் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.